குளத்தங்கரை அரசமரம்: ஒரு திருத்தம்

மூன்று வருஷங்களுக்கு முன், மேற்குத் தாம்பரத்தில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வ. வே. சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' கதையில் குறியீடு என்ற விஷயமாக ஒரு கட்டுரை வாசித்தேன். பதினோரு பேர் கேட்டார்கள். இதில் வீட்டுக்காரரும் அவர் மகனும் அடக்கம். 22 பக்கம். நடுவில் இரண்டு தடவை மின்சாரம் போயிற்று. கட்டுரை முடிந்ததும் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் அதைக் கேட்டார். கொஞ்சம் செப்பம் செய்து தருகிறேன் என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டேன். அந்தச் செப்பத்தின் வரலாறுதான் இது. அசல் கட்டுரை இனி அச்சில் வரப்போவதில்லை. வரக்கூடாது என்பதற்கான காரணங்களை மட்டும் சொல்ல உத்தேசம்.

முதலில் அந்தக் கட்டுரை என்ன சொல்லிற்று என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1915ல், சென்னையிலிருந்து வெளிவந்த 'விவேகபோதினி' மாத இதழில் இக்கதை வந்தது. தமிழின் முதல் சிறுகதை இதுதான் என்று வெகுகாலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. பாரதியின் 'ஆறில் ஒரு பங்கு' அல்லவா, மாதவையா அல்லவா என்று மறுப்பவர்களும் உண்டு. அந்தப் பந்தயத்தில் எனக்கு அக்கறை இருந்ததில்லை. என் அக்கறை, கதையைச் சொல்வது ஒரு மரம் என்பதில் இருந்தது. மேனாட்டுச் சிறுகதை உருவம் தமிழுக்குள் வந்து சேர்ந்த அந்தக் கணத்தில், அதற்கு வாய் கொடுத்தது ஒரு மனிதனல்ல, இந்த மண்ணின் அரசமரம் என்று நான் ஒரு முடிபு கட்டினேன். அமாவாசையும் திங்கட்கிழமையும் சேர்ந்து வந்தால் பெண்கள் நூற்றெட்டுச் சுற்று சுற்றும் மரம், அடியில் நாகப்பிரதிஷ்டை, அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தவளைப் பற்றிய பழமொழி, கீதையில் வேர் மேலும் கிளை கீழுமாய் நிற்கும் அஸ்வத்தம், புத்தருடைய போதி. எல்லாவற்றையும் கொண்டுவந்து ருக்மிணியின் தலையில் கொட்டினேன். பி. ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு ஃபிரேசரும் யுங்கும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறார்கள். சந்ததி தரும் மரத்தின் கீழேயே ஒரு பெண் சந்ததியில்லாமல் சாகிறாள். ஆக மரபு தன் இயலாமையைத் தானே சொல்லிக்கொள்கிறது. ஆக தமிழ்ச் சிறுகதை பிறக்கும்போதே ஒரு சுதேசிக் குறியீட்டோடு பிறந்தது. இதுதான் என் முடிபு. மாடியில் ஓரிருவர் தலையை ஆட்டினார்கள். எனக்கும் அன்றிரவு தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

கதையைப் படித்து நாளாகிவிட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. ருக்மிணி, காமேசுவரையரின் பெண். செல்வாக்கான குடும்பம். சிறு வயதிலேயே நாகராஜனுக்குக் கட்டிக்கொடுக்கப்படுகிறாள். பிறகு காமேசுவரையரின் பணம் போய்விடுகிறது. பணம் போனதும் சம்பந்திகளின் முகம் மாறுகிறது. பையனுக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கிறார்கள். நாகராஜன் சம்மதித்தவன்போல் நடிக்கிறான். முகூர்த்த நேரத்தில் மறுத்துப் பெற்றோருக்குப் பாடம் கற்பித்துவிட்டு, ருக்மிணியிடம் திரும்பிவந்து அவளைத் திகைக்க வைப்பது என்பது அவன் திட்டம். நண்பன் சீனிவாசனிடம் இதைச் சொல்கிறான், ருக்மிணியிடம் சொல்லவில்லை. அவள் குளத்தில் இறங்கிவிடுகிறாள். அவன் சந்நியாசியாகப் போய்விடுகிறான். மரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கட்டுரை வாசித்ததற்கு இரண்டு வாரம் கழித்து சேலையூரில் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோக காலத்தில் பெரும்பகுதி கரக்பூரில். வங்காளியில் படிப்பார், கனவுகூட அந்த பாஷையில் வருவதாகச் சொல்வார். கூட்டத்துக்கு வராதவர். நான் கட்டுரையின் சாராம்சத்தைச் சொல்லச் சொல்ல, அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "அந்தப் படித்துறைக் கதையைப் பத்தி எந்தப் பக்கத்துல எழுதியிருக்கேள்?" என்றார்.

"எந்தப் படித்துறை?"

அவர் சொன்னார். தாகூர், 1884ல், தம் இருபத்துமூன்றாம் வயதில் எழுதிய கதை. 'காட்டேர் கதா' என்று வங்காளியில் தலைப்பு, படித்துறையின் கதை. வெளிவந்த பத்திரிகையின் பெயர் 'பாரதி' என்பது தமிழர்களுக்கு ஒரு வேடிக்கை. கங்கைக் கரையில் ஒரு கல் படித்துறை பேசுகிறது. குசும் என்ற சிறுமியின் காலடிகளை அது அறியும். எட்டு வயதில் விதவையாகி அவள் பிறந்த ஊருக்குத் திரும்புகிறாள். வளர்கிறாள். கரையிலிருக்கும் சிவன் கோயிலுக்கு ஒரு இளம் சந்நியாசி வந்து தங்குகிறான். அவள் புருஷன் ஜாடை என்று குளிக்க வந்த பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். குசும் அவனுக்குப் பணிவிடை செய்கிறாள். ஒரு நாள் தன் கனவைச் சொல்லும்படி ஆகிறது. என்னை மறந்துவிடு என்று சொல்லிவிட்டு அவன் போய்விடுகிறான். அவள் ஆற்றில் இறங்கிவிடுகிறாள். படித்துறை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

சேலையூரிலிருந்து தாம்பரம் வரை அன்று நடந்தே வந்தேன். இதில் அவமானம் என்னவென்றால், விஷயம் ரகசியமே அல்ல. ஐயர் கதைக்கு மூலம் தாகூர் என்பது தமிழ்ச் சிறுகதை வரலாற்றில் அக்கறை உள்ளவர்கள் பல காலமாகப் பேசிவந்த ஒன்றுதான். மாடியில் தலையாட்டியவர்களில் இரண்டு பேருக்காவது அது தெரிந்திருந்தது என்று பிறகு அறிந்தேன். மரியாதைக்காகச் சும்மா இருந்தார்களாம். நம்முடைய சிறுபத்திரிகை உலகத்தில் மரியாதை வேண்டாத இடத்தில் வந்துவிடுகிறது, வேண்டிய இடத்தில் வருவதில்லை.

சுதேசிக் குறியீடு போயிற்று. ஆனால் ஒரு முடிபு கட்டியவன் அதை லேசில் விட்டுவிடுவதில்லை. மறுநாளே ஒரு பிடி கிடைத்தது. தாகூர் கதையின் ஆங்கில வடிவம் 'மாஷி அண்ட் அதர் ஸ்டோரீஸ்' என்ற மாக்மில்லன் தொகுப்பில் இருக்கிறது; அது வெளியானது 1918ல். ஐயர் கதை 1915. மூன்று வருஷம் முந்தி! இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தோன்றியிருக்கலாம் அல்லவா, பேசாப் பொருள்கள் பேசுவது நம் நாட்டில் பழைய வழக்கந்தானே, விக்கிரமாதித்தன் சிம்மாசனத்துப் பதுமைகள் இல்லையா என்றெல்லாம் எழுத ஆரம்பித்து ஆறு பக்கம் ஓடினேன். பிறகுதான் உறைத்தது. 'மாடர்ன் ரிவ்யூ' 1907லேயே தொடங்கிவிட்டது. தாகூரின் கதைகள் ஆங்கிலத்தில் அதில் வந்துகொண்டிருந்தன. நோபல் பரிசு கிடைத்த 1913லேயே, நம் சென்னையில், ஜி. ஏ. நடேசன் கம்பெனி தாகூர் கதைகளின் ஆங்கிலத் தொகுப்பு ஒன்றைப் போட்டுவிட்டது. ஐயரோடு புதுச்சேரியில் இருந்த பாரதியாரே தாகூர் கதைகள் சிலவற்றைத் தமிழாக்கியவர். 1915ல் புதுச்சேரியில் இருந்த ஒரு படித்த மனிதனுக்குத் தாகூர் எட்டாமல் இருந்தார் என்று வாதிடுவது, தாம்பரத்தில் இருப்பவனுக்குப் பல்லாவரம் தெரியாது என்று வாதிடுவது போல. அந்த ஆறு பக்கத்தையும் கிழித்தேன்.

பிறகு எதிர்த்திசையில் ஓடினேன். இது விமர்சகர்களுக்குள்ள வியாதி. காதலில் ஏமாந்தவன் பேசுவதுபோல் பேசுவது. இரண்டாவது முடிபு பிறந்தது: 'குளத்தங்கரை அரசமரம்' திருட்டு, தமிழ்ச் சிறுகதை கடன் சொத்தில் தொடங்கிற்று. இதற்குத் தோதாக மணிக்கொடிக் காலத்துத் தழுவல் சண்டையை இழுத்துக்கொண்டேன். தழுவலைக் கடுமையாகத் தாக்கிய புதுமைப்பித்தனின் கதைகளிலேயே மாப்பசானிடமிருந்து வந்தவை உண்டு என்ற தகவலையும் ஒரு கெட்ட சந்தோஷத்தோடு சேர்த்துக்கொண்டேன். கட்டுரை சூடாக வந்தது. சேலையூருக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன்.

பெரியவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கடன் வாங்கியிருக்கார், சரி. வட்டி கட்டியிருக்காரா பாத்தேளா? நீங்க பேங்க்லதானே இருக்கேள்?"

பாங்கில்தான் இருக்கிறேன், குமாஸ்தாவாக. எங்கள் கிளையில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர் ஒருவர், கம்ப்யூட்டர் வருவதற்கு முந்திய தலைமுறை. இரண்டு கணக்குகள் ஒத்துப்போகவில்லை என்றால் வித்தியாசத் தொகையை வெறித்துப் பார்க்காதே என்பார். ஒத்துப்போகிறவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு வா, டிக் இல்லாமல் எது நிற்கிறதோ அதுதான் விஷயம். அன்றிரவு இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பென்சிலால் அதைச் செய்தேன். இலக்கிய விமர்சனத்தில் நான் செய்த முதல் உருப்படியான காரியம் அது என்று இப்போது படுகிறது.

பேசும் சாட்சி: டிக். நீர்க்கரை: டிக். சிறு வயதிலிருந்து அந்தக் கரைக்கு வந்து பழகிய பெண்: டிக். நீரில் முடிவு: டிக். சந்நியாசம் இரண்டிலும் இருக்கிறது, ஆனால் இடம் மாறி. தாகூரிடம் சந்நியாசி முதலில் வருகிறான், அவன் வந்ததால் சாவு நேர்கிறது. ஐயரிடம் சாவு நேர்ந்ததால் சந்நியாசி உண்டாகிறான். கங்கை குளமாகிவிட்டது. இது சின்ன மாறுதல்போல் தோன்றும். ஆறு கொண்டுபோய்விடும், குளம் கொண்டுபோகாது. ஆற்றில் இறங்கியவள் எங்கோ போய்விட்டாள் என்று ஒரு ஊர் நினைத்துக்கொள்ள இடமிருக்கிறது. குளம் மறுநாள் காலையில் ஊருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். அதே தண்ணீரில்தான் ஊர் குளிக்கவும் வேண்டும். விதவை, வாழாவெட்டியாகப் போகிறவளாக மாறிவிட்டாள். அதாவது விதிக்குப் பதில் மாமியார்.

டிக் இல்லாமல் நின்றவை இரண்டு. ஒன்று பணம். மற்றது நாகராஜனின் திட்டம்.

பணத்தைப் பற்றி முதலில். காமேசுவரையரின் பணம் எப்படிப் போயிற்று? 22 பக்கக் கட்டுரையில் இதை நான், குடும்பம் நொடித்துப்போகிறது என்று மூன்றே வார்த்தையில் தாண்டியிருந்தேன். இத்தனைக்கும் நானோ பாங்குக் குமாஸ்தா. ஐயர் அப்படித் தாண்டவில்லை. பெயர் சொல்கிறார். அர்பத்நாட் கம்பெனி. தமிழ் வாயில் அகப்பட்டு அந்தப் பெயர் கதையில் ஏதோ அறுபது நாட்டுக்காரனுடைய கம்பெனிபோல் ஒலிக்கும். அதனால்தானோ என்னவோ பல தடவை படித்தும் என் கண்ணில் படவில்லை. மரத்தின் வம்சாவளியைத் தேடி உபநிஷதம் வரை போனவனுக்கு, சரித்திரத்தில் தேதியோடு இருக்கிற ஒரு பெயர் புலப்படவில்லை.

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை, சென்னையில் அர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்திற்று. ஒரு நூற்றாண்டுப் பழமையுள்ள கம்பெனி. ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்கள், வக்கீல்கள், மிராசுதார்கள், விதவைகள், தர்ம ஸ்தாபனங்கள் என்று ராஜதானி பூராவும் வெள்ளைக்காரன் கம்பெனி, சர்க்கார் மாதிரி என்ற நம்பிக்கையில் பணத்தைப் போட்டு வைத்திருந்தார்கள். அதே வாரத்தில் லண்டனில், அர்பத்நாட்டோடு பிணைந்திருந்த மக்ஃபாடியன் கம்பெனியும் முறிந்தது. அதன் தலைவர் பாட்ரிக் மக்ஃபாடியன் சுரங்க ரயில் பாதையில் உயிரை விட்டார். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல். சென்னை வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் சேர்ந்து, நமக்கென்று ஒரு பாங்கு வேண்டும் என்று கிளம்பியதில் 1907 ஆகஸ்ட் 15ல் இந்தியன் பாங்க் வேலையைத் தொடங்கிற்று.

பாரிமுனைப் பக்கம் நான்கு வருஷம் நான் வேலை பார்த்திருக்கிறேன். காலையில் தாம்பரத்தில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்குவது. 1931லிருந்து மின்சார ரயில் ஓடும் தடம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ராஜாஜி சாலை. முன்பு அதற்கு முதல் கடற்கரைச் சாலை என்று பெயர். சென்னையின் வெள்ளைக்காரக் கம்பெனிகள் வரிசையாக நின்ற இடம் அதுதான். அர்பத்நாட் பெயரில் பக்கத்தில் ஒரு தெருகூட உண்டு. நான்கு வருஷம் அதன் வழியாக டிபன் பெட்டியோடு போயிருக்கிறேன். ருக்மிணி செத்த இடம் குளம் என்றால், சாவு புறப்பட்ட இடம் இது. ஐயரின் பெயரில்லாத கிராமத்துக்கும் இந்தச் சாலைக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைத்தான் அவர் தாகூர் கதையில் புதிதாகப் போட்டிருக்கிறார். குசுமின் கதை எந்த வருஷத்திலும் நடந்திருக்கலாம். ருக்மிணியின் கதை 1906க்குப் பிறகுதான் நடந்திருக்க முடியும். வட்டி என்று பெரியவர் கேட்டது இதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்று என்னை உறுத்துகிறது. எழுதியவர் யார்? லண்டனில் சாவர்க்கரின் கூட்டாளி. 1910ல் வேஷம் போட்டுக்கொண்டு தப்பி புதுச்சேரி வந்து சேர்ந்தவர். வாசலில் பிரிட்டிஷ் ஒற்றர்கள். அப்பேர்ப்பட்டவர் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் மோசடியால் ஒரு அக்கிரகாரக் குடும்பம் நாசமானதைக் கதையில் வைத்துக்கொண்டு, அந்தக் கம்பெனியின்மேல் ஒரு சொல் கோபிக்கவில்லை. கோபமெல்லாம் சம்பந்தி வீட்டின்மேல். கதை வந்த பத்திரிகை பிரிட்டிஷ் எல்லைக்குள் நடப்பது என்பது ஒரு காரணமாகலாம். எனக்குப் படுவது வேறு. கதை அவர் பெயரில் வரவில்லை. அவர் மனைவி பாக்கியலக்ஷ்மி அம்மாள் பெயரில் வந்தது. 1915ல் 'விவேகபோதினி'யைப் பிரித்தவர்கள் ஒரு பெண் எழுதிய கதையாகத்தான் இதைப் படித்தார்கள். ஒரு பெண்ணின் குரல், அதன்மேல் ஒரு மரத்தின் குரல். இரண்டு முகமூடிகள். இந்த முகமூடிகளுக்குள்ளிருந்து பேசும்போது புரட்சிக்காரருக்குத் தெரிவது கம்பெனி அல்ல; பணம் போன வீட்டின் அடுப்பங்கரை, நகைகளின் கணக்கு, மாமியார் வாயிலிருந்து வரும் மாறிய சொற்கள். கம்பெனி ஒரு வாக்கியத்தில் முறிந்துவிடுகிறது. அதன் விளைவு பக்கம் பக்கமாக வீட்டுக்குள் நடக்கிறது. முகமூடி போலீசுக்காக மாட்டியதாக இருக்கலாம். மாட்டிய பிறகு அது தன் வேலையைச் செய்திருக்கிறது.

மூன்றாவது முடிபு தயார் என்று நினைத்தேன். அரசமரம் குறியீடல்ல, குறியீடு என்று ஒன்று இந்தக் கதையில் இருந்தால் அது அர்பத்நாட். இதைச் சொன்னபோது பெரியவர் சிரித்தார். "மரத்துலேர்ந்து எறங்கி பேங்க்ல ஏறிட்டேள். அவ்வளவுதான்."

அவர் சொன்னது சரி. பெயரை மாற்றி அதே பூஜையை நான் செய்துகொண்டிருந்தேன். டிக் இல்லாத இரண்டாவது விஷயத்தை நான் தொடவே இல்லை. நாகராஜனின் திட்டம். அது எனக்குப் புரிந்தது வாசிப்பில் அல்ல.

இப்போது நான் வேலை பார்ப்பது தெற்குப் புறநகரில் ஒரு கிளை. ஒரு வெள்ளிக்கிழமை, மதியம், கூட்டம் இல்லாத நேரம். ஒரு பெண் ஒரு டெபாசிட் ரசீதின் ஜெராக்ஸ் பிரதியோடு கவுண்டருக்கு வந்தாள். புருஷன் பெயரில் உள்ளது. பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும், அவர் வெளியூரில் இருக்கிறார், இந்தப் பணம் எப்போது முதிர்கிறது என்று மட்டும் சொன்னால் போதும் என்றாள். திரையில் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு முன்பே கணக்கு முடிக்கப்பட்டிருந்தது. முடித்துக் கொடுத்தது நான்தான். வந்த மனிதர் நினைவில் இருந்தார், அவர் கூட வந்த ஆளும். வாடிக்கையாளர் கணக்கைப் பற்றி மூன்றாம் நபரிடம் சொல்லக்கூடாது. மனைவியும் மூன்றாம் நபர்தான். விதி நியாயமானது. அதில் எனக்கு வழக்கு இல்லை. "அவரையே கேட்டுக்குங்கம்மா" என்றேன். "முதிர்ற தேதிகூடச் சொல்லக்கூடாதா சார்?" என்றாள். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பது எனக்கே நிச்சயமில்லை. என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, ஜெராக்ஸை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு போனாள்.

அன்று ரயிலில், ஜன்னலோரம், மரம் என்ன செய்கிறது என்பது திடீரென்று தெரிந்தது. நாகராஜன் சீனிவாசனிடம் திட்டத்தைச் சொன்னதும் குளத்தங்கரையில்தான். ருக்மிணி அழுததும் குளத்தங்கரையில்தான். இரண்டு பேரின் கணக்கும் ஒரே இடத்தில் இருக்கிறது. ஒருவர் கணக்கை மற்றவருக்குச் சொன்னால் சாவு இல்லை. சொல்ல வாய் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு, அடுத்த தலைமுறைப் பெண்களுக்கு, அதாவது வாசகர்களுக்குச் சொல்ல மட்டும் வாய் வந்துவிடுகிறது. தாகூரின் படித்துறை அப்படியல்ல. குசுமைக் காப்பாற்றக்கூடிய ரகசியம் எதுவும் அந்தக் கல்லிடம் இல்லை. அது பார்க்கிறது, நினைவு வைத்துக்கொள்கிறது, அவ்வளவே. ஐயர் அதே சாட்சியை எடுத்து, அதனிடம் ஒரு தகவலைக் கொடுத்துவிட்டார். அந்தத் தகவல் ஒன்றினால் கதையின் தன்மையே மாறிவிடுகிறது. சோகமாக இருந்தது குற்றம் கலந்ததாகிவிடுகிறது. மரத்தின் பேச்சில் உள்ள அந்த ஓயாத ஆற்றாமை, வளவளப்பு என்று நான் முன்பு எழுதிய அதே குணம், இப்போது வேறாகக் கேட்கிறது. சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லாதவர்கள் பிறகு நிறையப் பேசுவார்கள்.

கதையின் பலவீனம் என்று பலரும் சொல்வது நாகராஜனின் திட்டத்தைத்தான். நம்பும்படி இல்லை, நாடகத்தனம் என்பது குற்றச்சாட்டு. நானும் சொல்லியிருக்கிறேன். நாடகத்தனம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் மரத்துக்கு இந்தக் கதையில் வேலை இல்லை, படித்துறையைத் தூக்கி வைத்ததாகத்தான் இருக்கும். அசட்டுத்தனமான ஒரு திருப்பத்தின்மேல் நல்ல விஷயம் ஒன்று நிற்கிறது. ஆரம்பகாலக் கதைகளில் இது நடக்கிறதுதான்.

இனி, நீக்கியவற்றில் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய கட்டுரையில் ஒரு அடிக்குறிப்பு இருந்தது. 1925 ஜூனில் ஐயர் பாபநாசத்தில் கல்யாண தீர்த்தத்தில் இறந்தார். மகள் சுபத்திரை நீரில் விழுந்தாள்; காப்பாற்றப் பாய்ந்தவர் மீளவில்லை. பெண்ணை நீருக்குக் கொடுத்த கதையை எழுதியவரைப் பத்து வருஷம் கழித்து நீர் கேட்டு வாங்கிற்று என்று எழுதி, படைப்பு மனத்தின் முன்னுணர்வு பற்றி யுங்கைத் துணைக்கழைத்திருந்தேன். கூட்டத்தில் அந்த இடத்தில்தான் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இப்போது அதைப் படிக்கக் கூசுகிறது. ஒரு தகப்பன் பெண்ணின் பின்னால் தண்ணீரில் குதித்தது எதற்கும் படிமம் அல்ல. நாகராஜன் திட்டம் போட்டான், இவர் குதித்தார். அடிக்குறிப்பை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பதிலாகச் சேர்த்தது ஒரு பத்தி, கசப்பானது. மரத்தின் பார்வைக்கு எல்லை இருக்கிறது. அது அறிந்த மனிதர்கள் ஏறக்குறைய எல்லாரும் அக்கிரகாரத்தைச் சேர்ந்தவர்கள். அந்தக் குளத்துக்கு வரக்கூடாதவர்கள் அந்த ஊரிலும் இருந்திருப்பார்கள். அவர்கள் வராததால் மரத்துக்கு அவர்களைத் தெரியாது. இதே ஐயர் பிறகு சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தியபோது, பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது பெரிய கிளர்ச்சியாகி, வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் எதிர்த்து நின்று, தமிழ்நாட்டு அரசியலே திசைமாறிற்று. கதையையும் அந்தச் சர்ச்சையையும் முடிச்சுப் போட்டு இன்னொரு முடிபு கட்ட எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. கட்டவில்லை. மரம் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் குறித்திருக்கிறேன்.

ஆக, 22 பக்கத்தில் மிஞ்சியவை நாலு. அஸ்வத்தமும் போதியும் போய்விட்டன. பழமொழி மட்டும் ஒரு மூலையில் இருக்கிறது, அதை விட மனம் வரவில்லை. அர்பத்நாட் இரண்டு பக்கம். தலைப்பில் இருந்த 'குறியீடு' என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதைப் போடுவது என்று தெரியாமல் வெறுமனே விட்டிருக்கிறேன். அந்தப் பெண் போன மாதம் மறுபடி கிளைக்கு வந்தாள், தன் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்க. பக்கத்துக் கவுண்டருக்குப் போனாள்.

நான்கு பக்கத்தைச் சேலையூரில் கொடுத்தேன். பெரியவர் படித்தார். படித்துறையிடம் ரகசியம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை ஆங்கிலத்தில் பார்த்தா, நான் சொன்னதைக் கேட்டா என்றார். இரண்டும் என்றேன். அலமாரியிலிருந்து பைண்டு போன ஒரு வங்காளிப் புத்தகத்தை எடுத்து, கூடவே சிறுபிள்ளைகளின் அரிச்சுவடி ஒன்றையும் கொடுத்தார். தாம்பரத்திலிருந்து ரயிலில் போகவர இருக்கும் நேரத்தில் பார்க்கிறேன். உயிரெழுத்துக்கள் முடிந்துவிட்டன. மெய்யில் 'ட' வரை வந்திருக்கிறேன்.